சுண்ணாம்புச் சுவரில் ஒரு வெப்பக் கணக்கு: வேதிவினைகளின் ஆற்றல் மாற்றத்தைப் படிப்படியாகக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பவர்கள் பூச்சில் கலந்த முட்டை வெள்ளைக்கருவைப் பற்றிப் பேசாமல் திரும்புவதில்லை. கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று பட்டியல் நீளும். சூளை மட்டும் அந்தப் பட்டியலில் வராது. ஆனால் அந்தச் சுவரின் வேதியியல் தொடங்குவதே சூளையில்தான். விறகு கொடுத்த வெப்பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்புக்குள் போய்த் தங்கியது. தண்ணீர் பட்டபோது அதில் கொஞ்சம் வெளியே வந்தது, சுவரில் ஏறிய பிறகு மீதியும் வந்தது. எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று இன்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடியும்.

அந்தக் கணக்கைப் போடுவதற்கான வழிகாட்டி இது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருஷம் ஆனவர்களும் கூட்டல் கழித்தல் தெரிந்தால் பின்தொடரலாம். சுண்ணாம்பு முழுதும் கூடவே வரும். கேஸ் அடுப்பும் யூரியாவும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் வேண்டிய இடத்தில் வந்து போகும்.

படி 1: யாருடைய கணக்கு என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் பாடத்தில் போகும் மதிப்பெண்களில் பாதி குறியில்தான் போகிறது. கழித்தலா, கூட்டலா என்ற குழப்பம். நகரத்தார் பெட்டியடியில், அதாவது கணக்கு எழுதும் இடத்தில், இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் பேரேடு யாருடையது என்று தெரிந்துதான் அங்கே வரவும் பற்றும் எழுதினார்கள். வேதியியலில் பேரேடு எப்போதும் அமைப்பினுடையது. வினைபுரியும் பொருள்கள் அமைப்பு. அவற்றைச் சுற்றியுள்ள பாத்திரம், காற்று, உங்கள் கை எல்லாம் சுற்றுப்புறம்.

அமைப்பிலிருந்து வெப்பம் வெளியே போனால் கழித்தல் குறி. அது வெப்ப உமிழ்வினை. அமைப்புக்குள் வெப்பம் வந்தால் கூட்டல் குறி. அது வெப்பக் கொள்வினை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் சேர்த்து நீற்றும் தொட்டி கொதிக்கிறது, கை வைத்தால் வெந்துவிடும். அப்படியானால் வெப்பம் கூடியிருக்கிறதே, கூட்டல் குறிதானே என்று கேட்கத் தோன்றும். சூடானது தொட்டியும் தண்ணீரும், அதாவது சுற்றுப்புறம். அமைப்பு கொடுத்தது, அதனால் கழித்தல்.

இங்கே நாம் எழுதப்போகும் அளவுக்குப் பெயர் என்தால்பி மாற்றம். மாறாத அழுத்தத்தில் நடக்கும் வினையில் கொடுக்கப்பட்ட அல்லது வாங்கப்பட்ட வெப்பம் என்று வைத்துக்கொண்டால் போதும். சூளை, தொட்டி, அடுப்பு எல்லாமே காற்றுக்குத் திறந்தவை. வளிமண்டல அழுத்தம் அப்படியே இருக்கும். ஆகவே நமக்கு வேண்டியது என்தால்பிதான்.

படி 2: சமன்பாட்டை நிலையோடு எழுதுங்கள்

திண்மமா, திரவமா, வாயுவா என்று குறிக்காத சமன்பாட்டுக்கு வெப்ப மதிப்பு கிடையாது. மோல் என்பது டஜன் போல, மூலக்கூறுகளை எண்ணும் ஓர் அலகு. ஒரு மோல் தண்ணீர், அதாவது 18 கிராம், ஆவியாக 25 டிகிரி செல்சியஸில் சுமார் 44 கிலோஜூல் வேண்டும். விளைபொருளாக வரும் நீர் திரவமா ஆவியா என்பதை விட்டுவிட்டால் விடை ஒவ்வொரு மோலுக்கும் 44 தவறும்.

இது தேர்வுத்தாளில் மட்டும் இருக்கும் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். சிவகங்கைச் சீமையில் சீமைக்கருவேல விறகு எரித்தவர்கள் எல்லாருக்கும் ஈர விறகு என்றால் என்னவென்று தெரியும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2.4 மெகாஜூல் போகிறது. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு 15 மெகாஜூல் அளவில் வெப்பம் தரும். பச்சை விறகில் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். எரியக்கூடிய பொருள் குறைவு, கிடைக்கும் வெப்பத்திலும் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை விரட்டவே செலவாகிறது. மொட்டை மாடியில் வடகமும் வற்றலும் காயும்போதும் இதே 2.4 மெகாஜூல் செலவாகிறது. அந்தச் செலவைச் சூரியன் ஏற்றுக்கொள்கிறது.

நமது மூன்று சமன்பாடுகள் இவை:

சுடுதல்: கால்சியம் கார்பனேட் (திண்மம்) → கால்சியம் ஆக்சைடு (திண்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு)

நீற்றுதல்: கால்சியம் ஆக்சைடு (திண்மம்) + நீர் (திரவம்) → கால்சியம் ஹைட்ராக்சைடு (திண்மம்)

இறுகுதல்: கால்சியம் ஹைட்ராக்சைடு (திண்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு) → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர் (திரவம்)

மூன்றிலும் ஒவ்வொரு பொருளும் ஒரு மோல்தான். சமன்செய்யும் வேலை இல்லை. தொடக்கப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 3: உருவாதல் என்தால்பியிலிருந்து விடை எடுங்கள்

ஒரு சேர்மத்தின் ஒரு மோல், அதன் தனிமங்களிலிருந்து திட்ட நிலையில் உருவாகும்போது ஏற்படும் என்தால்பி மாற்றம் அதன் திட்ட உருவாதல் என்தால்பி. தனிமங்களுக்கு, அவற்றின் நிலைத்த வடிவத்தில், இந்த மதிப்பு சுழி. நமக்கு வேண்டிய ஐந்து மதிப்புகள், மோலுக்குக் கிலோஜூலில்:

கால்சியம் கார்பனேட்: −1206.9
கால்சியம் ஆக்சைடு: −635.1
கால்சியம் ஹைட்ராக்சைடு: −986.1
கார்பன் டை ஆக்சைடு வாயு: −393.5
நீர், திரவம்: −285.8

விதி ஒற்றை வரி: விளைபொருள்களின் கூட்டுத்தொகையிலிருந்து வினைபடுபொருள்களின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். மோல் எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்தால் அதனால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சுடுதல்: விளைபொருள்கள் −635.1 − 393.5 = −1028.6. வினைபடுபொருள் −1206.9. வித்தியாசம் +178.3 கிலோஜூல். சூளை வெப்பத்தை விழுங்குகிறது.

நீற்றுதல்: விளைபொருள் −986.1. வினைபடுபொருள்கள் −635.1 − 285.8 = −920.9. வித்தியாசம் −65.2 கிலோஜூல். தொட்டி கொதிப்பது இதனால்.

இறுகுதல்: விளைபொருள்கள் −1206.9 − 285.8 = −1492.7. வினைபடுபொருள்கள் −986.1 − 393.5 = −1379.6. வித்தியாசம் −113.1 கிலோஜூல்.

மூன்றாவது விடை பலருக்கு வியப்பாக இருக்கும். சுவர் இறுகும்போது வெளிவரும் வெப்பம் நீற்றும்போது வருவதைவிட அதிகம், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. ஆனால் பூச்சு ஏறிய சுவரில் கை வைத்து யாரும் சூடு என்று சொன்னதில்லை. காரணம் வேகம். நீற்றுதல் சில நிமிடங்களில் நடந்து முடியும். கார்பன் டை ஆக்சைடு காற்றிலிருந்து பூச்சின் மேற்பரப்பைத் தொட்டு, அங்கிருந்து மெல்ல மெல்ல உள்ளே போக வேண்டும். கனமான பூச்சின் உட்பகுதி முழுதும் கார்பனேட்டாக மாற ஆண்டுக்கணக்கில் ஆகும். அத்தனை காலத்துக்குப் பரவி வரும் வெப்பத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதிகமாக வெப்பம் தரும் வினை என்பதும் வேகமான வினை என்பதும் வேறு வேறு. இதற்குப் படி 8-இல் திரும்ப வருவோம்.

சின்னக் குறிப்பு: கிளிஞ்சலில் பெரும்பாலும் இருப்பது அரகோனைட் என்ற படிக வடிவம், சுண்ணாம்புக்கல்லில் இருப்பது கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், என்தால்பி வித்தியாசம் மோலுக்கு 1 கிலோஜூலுக்கும் குறைவு. நம் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.

படி 4: சுற்றை மூடுங்கள்

இப்போது மூன்றையும் கூட்டிப் பாருங்கள். +178.3 − 65.2 − 113.1. விடை சுழி.

சுழி தற்செயலாக வரவில்லை. மூன்று சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பவற்றை அடித்துவிடுங்கள். ஆக்சைடு போய்விடும், ஹைட்ராக்சைடு போய்விடும், கார்பன் டை ஆக்சைடு போய்விடும், தண்ணீரும் போய்விடும். மிஞ்சுவது கால்சியம் கார்பனேட் → கால்சியம் கார்பனேட். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் என்தால்பி மாற்றம் சுழியாகத்தான் இருக்க வேண்டும். எந்த வழியாகப் போனாலும், எத்தனை படியில் போனாலும், தொடக்கமும் முடிவும் ஒன்றானால் மொத்த வெப்பமும் ஒன்றே. இதை 1840-இல் வெளியிட்டவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஜெர்மைன் ஹென்றி ஹெஸ். ஆற்றல் அழிவின்மை விதி எல்லாரும் ஏற்ற விதியாக ஆவதற்கு முன்பே, வெப்பத்தை அளந்து அளந்து இந்த முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

ஹெஸ் விதியின் உண்மையான பயன் நேரடியாக அளக்க முடியாத வினைகளில் இருக்கிறது. சுவர் இறுகும் வெப்பத்தை அளக்கப் பல வருஷம் வெப்பம் அளக்கும் கருவியான கலோரிமானிக்கு முன்னால் உட்கார வேண்டும். மற்ற இரண்டும் தெரிந்தால் அதைக் கழித்தே கண்டுபிடிக்கலாம்: −178.3 + 65.2 = −113.1. இப்படிச் செய்யும்போது இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் குறியையும் திருப்ப வேண்டும். சமன்பாட்டை எதனால் பெருக்குகிறீர்களோ அதனாலேயே என்தால்பியையும் பெருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், பாடப்புத்தகங்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கணக்கு சரியாகிவிட்டது, சூளையில் கொடுத்த 178.3-ம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கொடுத்தபோது அது ஏறத்தாழ 900 டிகிரியில் கொடுத்த வெப்பம். திரும்பி வந்ததில் ஒரு பங்கு கொதிநீர்ச் சூட்டில் வந்தது, பெரும்பங்கு அறை வெப்பநிலையில், யாருக்கும் தெரியாமல் வந்தது. அளவில் குறையவில்லை, அதைக் கொண்டு செய்யக்கூடிய வேலையில் குறைந்திருக்கிறது. என்தால்பி இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதற்கு என்ட்ரோபி வேண்டும், படி 9-இல் பார்க்கலாம்.

படி 5: மோலிலிருந்து கிலோவுக்கு வாருங்கள்

மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று சொன்னால் கொத்தனாருக்குப் புரியாது, உண்மையில் நமக்கும் அதன் அளவு மனத்தில் பதியாது. ஒரு மோல் கால்சியம் ஆக்சைடு 56 கிராம். ஆகவே ஒரு கிலோவில் சுமார் 17.8 மோல். நீற்றும்போது வெளிவருவது 17.8 × 65.2, அதாவது ஏறத்தாழ 1160 கிலோஜூல்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக 4.18 × 70 = 293 கிலோஜூல். வகுத்தால், ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பின் வெப்பம் ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. ஆனாலும் நீற்றும் தொட்டி ஏன் அப்படித் தளதளவென்று கொதிக்கிறது என்பது இந்த எண்ணில் தெரிகிறது.

அதே ஒரு கிலோ ஆக்சைடைப் பெற 1.79 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டும். வினைக்கு மட்டும் 17.8 × 178.3, அதாவது 3.2 மெகாஜூல் வேண்டும். கல்லை 900 டிகிரிக்குச் சூடேற்ற ஒன்றரை மெகாஜூலுக்கு மேல் ஆகும். இதற்கு மேல் புகையோடு போவது, சூளைச் சுவர் வாங்கிக்கொள்வது என்று இழப்புகள். வினையை மட்டும் பார்த்தால் காகிதத்தில் கால் கிலோ விறகில் முடியவேண்டிய வேலைக்குச் சூளையில் அதைப்போலப் பல மடங்கு வேண்டியிருப்பது இதனால்தான். இன்னொன்று: 1.79 கிலோ கல்லில் 0.79 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடுகிறது. சுவர் அதைக் காற்றிலிருந்து மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். விறகு எரிந்து வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு இந்தச் சுற்றில் சேராது.

படி 6: பிணைப்புகளை எண்ணிப் பார்த்தல்

உருவாதல் என்தால்பி அட்டவணை கையில் இல்லையென்றால், வாயு நிலை வினைகளுக்குப் பிணைப்பு ஆற்றல் கொண்டு ஒரு நல்ல மதிப்பீடு எடுக்கலாம். அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்று பலர் நம்புகிறார்கள், மேடையில் பேசுபவர்கள்கூட. உடைக்க ஆற்றல் செலவாகும், எப்போதும். பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். எரிதலில் கிடைக்கும் வெப்பம் புதிய பிணைப்புகள் பழையவற்றைவிட வலுவாக இருப்பதால் வரும் உபரி.

மீத்தேன் எரிவதைப் பாருங்கள். ஒரு மீத்தேன், இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறு. விளைவது ஒரு கார்பன் டை ஆக்சைடு, இரண்டு நீராவி. சராசரிப் பிணைப்பு ஆற்றல்கள் மோலுக்குக் கிலோஜூலில்: கார்பன்–ஹைட்ரஜன் 413, ஆக்சிஜன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு 498, கார்பன் டை ஆக்சைடில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு 799, ஆக்சிஜன்–ஹைட்ரஜன் 463.

உடைப்பவை: 4 × 413 + 2 × 498 = 2648.
உருவாகுபவை: 2 × 799 + 4 × 463 = 3450.
மாற்றம்: 2648 − 3450 = −802 கிலோஜூல்.

புத்தகத்தில் மீத்தேனின் எரிதல் என்தால்பி −890 என்று இருக்கும். 88 எங்கே போனது? படி 2-ஐ நினைவில் வையுங்கள். −890 என்பது நீர் திரவமாக வரும்போது. நாம் ஆவியாக வைத்துக் கணக்கிட்டோம். இரண்டு மோல் நீருக்கு 2 × 44 = 88. பைசா சுத்தம்.

வீட்டு சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் கலவை. புரொப்பேன் மோலுக்கு −2220, பியூட்டேன் −2877 அளவில் தரும். மோலுக்குப் பார்த்தால் பியூட்டேன் பெரிய ஆள் போலத் தெரியும், கிலோவுக்குப் பார்த்தால் இரண்டும் 50 மெகாஜூல் அருகில்தான். எரிபொருள்களை ஒப்பிடும்போது எந்த அலகில் ஒப்பிடுகிறோம் என்று முதலில் கேளுங்கள்.

படி 7: வீட்டில் அளந்து பாருங்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டு

முதலில் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பைக் கொண்டு வீட்டிலோ வகுப்பிலோ சோதனை வேண்டாம். சூடு மட்டும் இதற்குக் காரணமில்லை. தெறிக்கும் காரம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடி, கண்ணில் பட்டுப் பாதிக்கப்படுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். வேலைக்காக நீற்றுபவர்கள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள், சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டமாட்டார்கள். தெரியாத்தனமாகக் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அளக்க யூரியா போதும். உரக்கடையில் கிடைக்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவே சரி. மேலே கொஞ்சம் எண்ணெய் மிதக்கும், பரவாயில்லை. யூரியா கரைவது வெப்பம் வாங்கும் செயல், தண்ணீர் சில்லென்று ஆகும். கரைதல் கண்டிப்பான பொருளில் வேதிவினை ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அளக்கும் முறை ஒன்றுதான், ஆபத்தும் இல்லை.

தெர்மகோல் கப் ஒன்றினுள் இன்னொன்றை வையுங்கள். 100 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறியுங்கள், நாலைந்து தடவை ஒரே அளவு வரும்வரை. 20 கிராம் யூரியாவைப் பொடித்து ஒரே தடவையில் போட்டு, கலக்கிக்கொண்டே இருங்கள். மேலும் ஐந்தாறு நிமிடம் குறித்துக்கொண்டே போங்கள். கடைசி எண்ணை மட்டும் எழுதிவைப்பது போதாது. காரைக்குடிச் சித்திரை வெயிலில் குளிர்ந்த கரைசல் வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் குறிக்கும் இறக்கம் உண்மையைவிடக் குறைவாக வரும். வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்து, பின்பகுதிக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, யூரியா போட்ட நொடியில் என்ன வெப்பநிலை இருந்திருக்கும் என்று படியுங்கள்.

அப்படி நீட்டிப் பார்த்ததில் 30.0-இலிருந்து 20.5-க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். கரைசல் 120 கிராம். தன்வெப்பத்தை, அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பத்தை, தண்ணீரின் 4.18 என்றே எடுத்தால்: 120 × 4.18 × 9.5 = 4765 ஜூல். யூரியா 20 ÷ 60 = 0.333 மோல். மோலுக்கு 4765 ÷ 0.333, அதாவது +14.3 கிலோஜூல். ஏற்கப்பட்ட மதிப்பு 15-ஐ ஒட்டியது. தெர்மகோல் கப்புக்கு இது மோசமில்லை. 100 கிராமுக்குப் பதில் 120 என்று போட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். குளிர்ந்தது கரைசல் முழுதும். தண்ணீர் குளிர்ந்தது, ஆனால் குறி கூட்டல். படி 1 இங்கேயும் வந்துவிட்டது.

யூரியா கிடைக்காதவர்கள் எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டு வெப்பநிலை இறங்குவதைப் பார்க்கலாம். நுரைத்துக்கொண்டு வாயு வெளியேறும் வினை வெப்பத்தை வாங்குகிறது என்பதே பலருக்குப் புதிதாக இருக்கும்.

படி 8: மேட்டைத் தாண்டினால்தான் வினை

சீமைக்கருவேல விறகு காற்றில் ஆக்சிஜனோடுதான் கிடக்கிறது, தானாக எரிவதில்லை. பழைய பிணைப்புகளைத் தளர்த்த முதலில் கொஞ்சம் ஆற்றல் கொடுக்க வேண்டும். அதுதான் கிளர்வு ஆற்றல். ஒரு தடவை பற்றிக்கொண்டால் வெளிவரும் வெப்பமே அடுத்த மூலக்கூறுகளை மேடேற்றிவிடும். வினையூக்கி மேட்டைத் தாழ்த்தும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை, அதாவது என்தால்பி மாற்றத்தை, அது தொடாது. தேர்வில் இந்த ஒரு வரியை வெவ்வேறு வேஷத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் சில நாள் ஊறவைத்து எடுக்கிறார்கள். அடுப்பே இல்லாமல் கல் எப்படி இறுகுகிறது? சிமெண்டைச் செய்தபோது ஆலைச் சூளையில் 1450 டிகிரி அளவில் ஆற்றல் ஏற்கனவே செலவாகிவிட்டது. தண்ணீர் சேர்ந்தவுடன் சிமெண்ட் நீரேற்றம் அடைவது வெப்ப உமிழ்வினை, மேட்டிலிருந்து இறங்கும் வினை. கல்லுக்கு வேண்டிய நெருப்பு வேறு ஊரில் எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊறவைப்பது அந்த வினைக்குத் தண்ணீர் தீர்ந்துபோகாமல் இருக்க.

படி 9: வெப்பம் வாங்கும் வினை ஏன் நடக்கிறது

எல்லாமே ஆற்றல் குறையும் பக்கம்தான் ஓடும் என்றால் யூரியா கரையவும் கூடாது, சுண்ணாம்புக்கல் சூளையில் சிதையவும் கூடாது. ஆற்றல் பரவிக்கிடக்கும் அளவான என்ட்ரோபியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்தால்பி மாற்றத்திலிருந்து, கெல்வின் வெப்பநிலையையும் என்ட்ரோபி மாற்றத்தையும் பெருக்கிக் கழித்தால் வருவது கிப்ஸ் ஆற்றல் மாற்றம். அது கழித்தல் குறியோடு வந்தால் வினை தானாக நடக்கும்.

சுண்ணாம்புக்கல் சிதையும்போது வாயு வெளிவருவதால் என்ட்ரோபி கூடுகிறது: மோலுக்கு, கெல்வினுக்கு, சுமார் 160.5 ஜூல். அறை வெப்பநிலையில் 178.3 கிலோஜூலை ஈடுகட்ட இது போதாது. அதனால்தான் சுவர் சுவராக நிற்கிறது. இரண்டும் சமமாகும் வெப்பநிலை 178300 ÷ 160.5 = 1111 கெல்வின், அதாவது ஏறத்தாழ 838 டிகிரி செல்சியஸ். உண்மையில் ஒரு வளிமண்டல அழுத்தக் கார்பன் டை ஆக்சைடுக்கு எதிராகச் சிதைய 900 டிகிரியை ஒட்டி வேண்டும். 25 டிகிரி மதிப்புகளை 900 டிகிரிக்கு அப்படியே நீட்டியதால் வந்த இடைவெளி அது. காற்றோட்டம் வாயுவை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் அதற்குக் கீழேயும் சிதையும். சூளைக்கு அடியில் காற்றுவழி விடுவது விறகு எரிய மட்டுமில்லை, வாயுவை விரட்டவும் உதவுகிறது.

படி 10: வெப்பமாக விடாமல் மின்சாரமாக எடுத்தல்

இந்தப் பாடத்துக்குக் காரைக்குடியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்கள் சொல்லும் சிக்ரி, இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

துத்தநாகத் தூளை மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்டால் தாமிரம் படியும், கரைசல் சூடாகும். மோலுக்கு −218.7 கிலோஜூல், அத்தனையும் வெப்பமாகப் போய்விடும். அதே இரண்டு உலோகங்களையும் தனித்தனிக் கரைசலில் நிறுத்தி, கம்பியாலும், கரைசல்களுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் உப்புப் பாலத்தாலும் இணைத்தால் டேனியல் மின்கலம், 1.10 வோல்ட். எலக்ட்ரான்கள் 2, ஃபாரடே மாறிலி (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், கூலோமில்) 96485. மூன்றையும் பெருக்கினால் 212.3 கிலோஜூல். மெதுவாக மின்னோட்டம் எடுத்தால் 218.7-இல் 212.3 வரை மின்வேலையாக எடுக்கலாம், 6.4 மட்டுமே வெப்பம். வினை ஒன்றே, என்தால்பி ஒன்றே. எந்த வழியாக நடக்க விடுகிறோம் என்பதில்தான் ஆதாயம்.

இரண்டு பயிற்சிக் கணக்குகள்

ஒன்று. கார்பன் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடானால் −393.5 கிலோஜூல். கார்பன் மோனாக்சைடு எரிந்து கார்பன் டை ஆக்சைடானால் −283.0. கார்பன், மோனாக்சைடாக மட்டும் எரிந்தால் எவ்வளவு? இதை நேரடியாக அளப்பது கடினம், ஏனென்றால் எப்போதும் கொஞ்சம் டை ஆக்சைடும் சேர்ந்தே வரும். இரண்டாவது சமன்பாட்டைத் திருப்பி, குறியையும் திருப்பி முதலாவதோடு கூட்டுங்கள்: −393.5 + 283.0 = −110.5.

இரண்டு. அப்படியானால் காற்று போதாமல் கரி மோனாக்சைடாக மட்டும் எரியும்போது கையில் கிடைப்பது எத்தனை சதவீதம்? 110.5 ÷ 393.5, அதாவது 28. மீதி 72 சதவீதம் எரியாத வாயுவாகவே அறைக்குள் போகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளையே கொல்லும். மார்கழிக் குளிருக்கு மூடிய அறையில் கரியடுப்பு வைத்துப் படுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்.